ஆனைமுதுகின் வடக்குப் பக்கம்

பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
09.06.2024

அன்புள்ள கம்சாவின் அப்பாவுக்கு,

இங்கே நான், கம்சா, என் அப்பா மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். மாமியின் இருமல் தணிந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் கூப்பிட்டால் "ம்" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்". அதற்குக் கடிதம் மேல். எங்கள் அம்புலன்ஸ் ஓட்டும் பிரதீபன் சனிக்கிழமைகளில் முல்லைத்தீவில் தன் வீட்டுக்கு வருகிறவர். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கோ.

கம்சா நாலாம் வகுப்பில் கணக்குக்கு எண்பத்தொன்று எடுத்திருக்கிறாள். "அப்பா எப்ப வருவார்?" என்று என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள். தாத்தாவிடம்தான் கேட்கிறாள். அப்பாவும் "இறால் பிடிப்பு முடிய வருவார்" என்று சமாளிக்கிறார். இறால் எப்போது முடியும் என்று எனக்கும் தெரியாது.

ஆறு வருசமாகக் கண்ணிவெடி எடுக்கிறேன். ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அடுத்த இடம் ஆனைமுதுகு என்று சொன்ன அன்றைக்குத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுக்கு மாமி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். காரணம் சொல்லவில்லை. நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அந்த மலையை நீங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். வன்னியில் மலை என்று சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? குளக்கட்டுத்தான் பெரிய உயரம். இது காட்டுக்கு நடுவில் திடீரென்று எழும்பி நிற்கிறது. உச்சியில் நின்றால் ஏ9 றோட்டில் போகிற பஸ்ஸின் நிறம்கூடத் தெரியுமாம். கிழக்கும் மேற்கும் தெற்கும் சரிவு. அங்கெல்லாம் மிதிவெடி கொட்டிக் கிடக்கிறது. வடக்குப் பக்கம் சுவர் மாதிரி நேரே நிற்கிறது, நூற்றைம்பது அடி இருக்கும். அந்தப் பக்கம் இதுவரை ஒரு வெடிகூட அகப்படவில்லை. யார் அதில் ஏறப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

ஆனால் ஏறியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் விமலேஸ்வரி அக்காதான் முதலில் கண்டவா. பாறை வெடிப்புகளில் இரும்பு ஆணி அடித்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, கண்ணுக்கு எட்டும்வரை போகிறது. தேத்தண்ணி நேரத்தில் பத்துப் பெண்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி, "மனுசர் ஏறினதோ இது?" என்றாள். கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு. எந்தப் பக்கத்து ஆட்கள் ஏறினார்கள் என்றுகூட அப்போது நினைக்கத் தோன்றவில்லை.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்
சுகந்தினி


மாதா காப்பாராக

கள்ளப்பாடு
15.06.2024

அன்பின் சுகந்திக்கு,

கடிதம் கிடைச்சது. அம்மாவுக்கு இருமல் குறைவு. நந்திக்கடலிலை இறால் பரவாயில்லை. கம்சாவுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறன், அளவு சரியோ தெரியாது.

அந்த இடத்தை விட்டுப்போட்டு வேறை இடத்துக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேள். ஏன் எண்டு கேக்காதை. நான் கோபத்திலை வரேல்லை. உன்னிலை எனக்கு ஒரு குறையும் இல்லை.

வடக்குப் பக்கம் பெரிய வெடிப்புக்குக் கீழை நிக்காதை. மழை பெய்தால் அதிலை கல்லுக் கழரும்.

றொனால்ட்


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
30.06.2024

அன்புள்ள கம்சாவின் அப்பாவுக்கு,

சட்டை அளவாக இருக்கிறது. கழற்ற மாட்டேன் என்று இரண்டு நாள் நின்றாள்.

வடக்குப் பக்கத்தில் பெரிய வெடிப்பு இருக்கிறது என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. மழைக்குக் கல் கழரும் என்பது எனக்கே தெரியாது. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன். கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பெரிய வெடிப்புக்கு நேர் கீழே நான் துப்பரவாக்குகிற பாதை. கல்லும் சருகும் ஒரு முழத்துக்கு மூடிக் கிடந்த இடம். டிற்றெக்டர் சத்தம் வைத்தது. முழங்காலில் இருந்து மெல்ல மெல்லக் கிளறினேன். வெடி இல்லை, கயிறு மாட்டுகிற ஒரு இரும்புக் கொழுவி. அதில் கயிற்றுத் துண்டு. அதற்குப் பக்கத்தில் கை எலும்பு.

விசிலை ஊதினேன். வேலை நின்றது. பொலிஸும் நீதவானும் வந்தபிறகு, வைத்திய அதிகாரிதான் மிச்சத்தை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். முழு ஆளும் இருந்தது. கழுத்தடியில் இலக்கம் வெட்டிய தகடு. ஆமியின் கொமாண்டோ என்று உடுப்பின் மிச்சத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

வைத்திய அதிகாரி மண்டையோட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பல்லுக்கு இடையில் கறுப்பாக ஒன்று. சைக்கிள் ரியூபை நாலாக மடித்து நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறான். அதைக் கடித்தபடிதான் ஏறியிருக்கிறான். "விழுந்தாலும் சத்தம் வரக்கூடாது எண்டு," என்றார் அவர். பல் அதற்குள் அப்படியே இறங்கியிருக்கிறது. விழுந்த பிறகும் விடவில்லை.

கம்சாவின் அப்பா, எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் ஒரு முள் குத்தினாலே அம்மா என்கிறவள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது, மேலே தொங்குகிற மற்றவர்களுக்காக ஒரு மனுசன் வாயைத் திறக்காமல் விழுந்திருக்கிறான். விமலேஸ்வரி அக்காவின் தம்பி ஆமிக்கு மற்றப் பக்கத்தில் நின்று செத்தவன், உங்களுக்குத் தெரியும். அவாதான் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றினா. பிறகு நாங்கள் எல்லோரும்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன்.

சுகந்தினி


மாதா காப்பாராக

கள்ளப்பாடு
13.07.2024

அன்பின் சுகந்திக்கு,

ஒரு கிழமை யோசிச்சன். போன சனி பிரதீபன் வந்து கேக்கேக்கை கடிதம் இல்லை எண்டு அனுப்பிப்போட்டன். இனிச் சொல்லாட்டி நான் மனுசன் இல்லை.

சண்டையின்ரை கடைசிக் காலத்திலை பங்கர் மட்டும்தான் வெட்டினனான் எண்டு உன்னிட்டைச் சொன்னது பொய். அப்ப எனக்குப் பத்தொன்பது வயது. காட்டிலையும் பாறையிலையும் பழக்கி எடுத்த அணி எண்டு இயக்கத்திலை ஆறு பேர் இருந்தம். 2008 கார்த்திகையிலை ஆனைமுதுகைப் பிடிச்சு வைச்சிருந்தது நாங்கள்தான். அந்த மலை ஆரிட்டையோ, றோட்டு அவையிட்டை. பீரங்கிச் செல் எங்கை விழவேணும் எண்டு மேலை இருந்து பாத்துச் சொல்லலாம். அதுக்காக ரண்டு பக்கமும் அதுக்கு மேலை எத்தினை உயிரைக் கொட்டினது எண்டு எனக்குக் கணக்குத் தெரியாது.

வடக்குப் பக்கம் காவல் எண்டால் ஓய்வு மாதிரி. காய்ச்சல்காரரைத்தான் அங்கை விடுறது. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். பின்னேரம் மூண்டு மணி. மாரி மழை, கையை நீட்டினால் விரல் தெரியாது. நல்ல பகல் எண்டதாலை ஒருத்தரும் அந்த நேரத்தை நினைக்கேல்லை. அதுக்காகத்தான் அவை அந்த நேரத்தை எடுத்தவை போல.

இடி முழக்கத்திலை ஆணி அடிச்சது எனக்குக் கேக்கேல்லை, கல்லு உரசுற சத்தம்தான் கேட்டது. பிறகு சீலை கிழியிற மாதிரி ஒண்டு. ஊர்ந்து போய் விளிம்பாலை எட்டிப் பாத்தன். மழை ஒரு கணம் விலகினது. ஒரு ஆள் விழுந்துகொண்டிருக்கிறான். அப்பத்தான் கை விட்டிருக்கவேணும். மல்லாக்க, முகம் மேலை பாத்தபடி. கண் திறந்திருந்தது. என்னைக் கண்டவன் சுகந்தி, அது நிச்சயம். மேலை காவல் நிக்குது எண்டு தன்ரை ஆக்களுக்குச் சொல்லக்கூட அவன் வாயைத் திறக்கேல்லை. கீழை ஒரு தேங்காய் விழுந்த சத்தம். அவ்வளவுதான்.

அவனுக்கு மேலை மூண்டு பேர் இருந்தினம். எனக்குப் பதினைஞ்சு அடி கீழை, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு. தங்கடை ஆள் போனது அவைக்குத் தெரியும். ஒருத்தனும் குனிஞ்சு பாக்கேல்லை. முன்னுக்கு வந்தவன்ரை கை அடுத்த வெடிப்பைத் தடவிப் பிடிச்சது.

துவக்கு என்ரை கையிலை. மூண்டு வெடி போதும். ஒரு சின்னக் கல்லை உருட்டிவிட்டாலே போதும். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் நான் சுடேல்லை. பயத்திலை இல்லை. இரக்கம் எண்டும் சொல்லமாட்டன். பூசையிலை சுவாமியார் நற்கருணையை உயர்த்தேக்கை கோயில் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிக்குமே, அது மாதிரி நிண்டனான். மனுசராலை இப்பிடியும் முடியுமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.

பிறகு சுட்டன். பிந்திப்போச்சு. முதல் ஆள் விளிம்பிலை கை வைச்சிட்டான். நான் உருண்டு ஒரு பிளவுக்குள்ளை விழுந்தன். அவை என்னைத் தாண்டிப் போயிட்டினம். எங்கடை ஆக்கள் கிழக்கைப் பாத்துக்கொண்டு நிண்டவை. என்ரை கூட்டாளி சஜீவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டான். அஞ்சு பேர் அந்த இடத்திலையே முடிஞ்சுது. பொழுதுபட எங்கடை பக்கத்தாலை உச்சிக்குச் செல் அடிச்சவை. ஏறி வந்த மூண்டு பேரும் அதிலை செத்துப்போயிட்டினம். பிளவுக்குள்ளை கிடந்து எல்லாத்தையும் பாத்தன்.

பிறகு எங்கடை பக்கத்து ஆக்கள் என்ன நடந்தது எண்டு கேட்டவை. செல் அதிர்ச்சியிலை மயங்கிப்போனன் எண்டு சொன்னன். சண்டை முடிய சனத்தோடை சனமாக ஆமியின்ரை அகதி முகாமுக்கு வந்தபிறகு அம்மா, "இவன் கடல் தொழில் செய்யிறவன்" எண்டு சொல்லி என்னைக் காப்பாத்தினவா.

வட்டக்கச்சிக்கு ஒவ்வொரு வருசமும் தங்கம்மா அம்மாவுக்கு ஏன் நண்டு கொண்டுபோறீங்கள் எண்டு நீ கேட்டிருக்கிறாய். அவா சஜீவன்ரை தாய்.

இப்ப நீ கண்டெடுத்தது ஆரை எண்டு தெரிஞ்சிருக்கும். நீ என்னை என்ன நினைப்பாய் எண்டு தெரியாது. நினைக்கிறதை எழுது.

றொனால்ட்


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
11.08.2024

அன்புள்ள கம்சாவின் அப்பாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். நானும் மனுசிதானே. பத்து வருசம் ஒரே பாயில் படுத்த ஆளுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நீங்கள் மழை பெய்தால் எழும்பி வாசலில் நிற்பதை நினைத்தேன். கோபம் போய்விட்டது.

என்ன நினைக்கிறேன் என்று கேட்டீர்கள். சுட்டிருந்தால் சஜீவன் இருந்திருப்பானோ, எனக்குத் தெரியாது. சுட்டிருந்தால் நீங்கள் இப்போது இருக்கிற ஆளாக இருந்திருப்பீர்களோ, அதுவும் தெரியாது. நான் தராசு தூக்க வரவில்லை. உங்களை விட்டுப் போக மாட்டேன். அதுதான் நான் நினைத்தது.

இப்போது ஒரு செய்தி. தகட்டு இலக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லலித் என்று பெயர். ஊர் புத்தளைப் பக்கம். தாய் இறந்துவிட்டா. தகப்பன் பியதாசவும் தங்கச்சியும் இருக்கிறார்கள். ஏறின நாலு பேரில் இவனுடைய உடல் மட்டும் கிடைக்கவில்லை. கடைசி லீவில் வந்தபோது, பயமாக இருக்கிறது, திரும்பிப் போகமாட்டேன் என்று அழுதவனாம். தகப்பன்தான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினவர். அதனால் ஊரில், பொடியன் சண்டைக்கு முன்னமே ஓடிவிட்டான் என்று கதை. விமலேஸ்வரி அக்கா சிங்களம் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைக் கொண்டு போனில் கேட்டபோது அந்த மனுசன், "நானே நம்பினேன்" என்று சொல்லியிருக்கிறார். பதினாறு வருசம் தன் பிள்ளை எங்கேயோ உயிரோடு ஒளித்திருக்கிறான், தன் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

24ஆம் திகதி இருவரும் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். எலும்பு என்ன சொல்லும்? விழுந்தான் என்று சொல்லும். எப்படி விழுந்தான் என்று கண்ணால் கண்டவர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான்.

வாங்கோ என்று நான் கேட்கவில்லை. வந்தால் நீங்கள் அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்பது வெளியே வரும். யாராவது விசாரிக்க வரலாம். எனக்கும் பயம். கம்சாவைப் பார்க்கப் பார்க்கப் பயம். ஆனால் தெரிந்துகொண்டு உங்களுக்கு மறைத்தால், பிறகு நானும் பொய் சொன்னவள் ஆவேன்.

உங்கள்
சுகந்தினி


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
25.08.2024

அன்புள்ள கம்சாவின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் திரும்பிப் பாராமல் கிளிநொச்சி பஸ் எடுக்க றோட்டுக்கு நடந்ததைக் கண்டேன். எங்கே போகிறீர்கள் என்று விளங்கியது. அதனால் மறிக்கவில்லை. வட்டக்கச்சித் தபால்கந்தோருக்கு இதை அனுப்புகிறேன். தங்கம்மா அம்மாவின் பெயர் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள்.

நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு அந்தப் பாறையடியில் உங்களைக் கண்டு ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். அப்பா மொழிபெயர்க்க வந்ததும் எனக்குப் புதுமைதான். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு அடிபட்டு வந்த பிறகு அவர் சிங்களம் பேசி நான் கேட்டதே இல்லை. மறந்துவிட்டேன் என்பார். நேற்று ஒரு சொல் தடங்கவில்லை.

நீங்கள் சொன்னதை எல்லாம் அப்பா சொன்னார், ஒன்றைத் தவிர. "துவக்கு என்ரை கையிலை இருந்தது, நான் சுடேல்லை, பிந்தித்தான் சுட்டனான்" என்று சொன்னீர்களே, அதை அவர் விட்டுவிட்டார். உங்களுக்கு விளங்கியிருக்காது. மருமகனைக் காப்பாற்ற நினைத்தாராம்.

நீங்கள் போன பிறகு நடந்தது இது. பியதாச ஐயா நடந்து போய்ப் பாறையில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே அண்ணாந்து பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் அவருடைய முகத்திலிருந்து தோளுக்கு இறங்கிவிட்டது. பிறகு அப்பாவிடம் கேட்டார்:

"இதிலா ஏறினான்?"

"ஓம், இதில்தான்."

"வீட்டில் மாமரம் ஏறப் பயப்படுவான். தங்கச்சியைத்தான் ஏற்றுவான்."

தங்கச்சிக்காரி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்தவன் ஏறியிருக்கிறான், கம்சாவின் அப்பா. பயமில்லாதவன் ஏறினால் அதில் என்ன இருக்கிறது? அந்த ஆணிகளைத் திரும்பப் பார்த்தேன். முதல் நாள் பார்த்ததைவிட மலை எனக்கு இரண்டு மடங்கு உயரமாகத் தெரிந்தது.

பிறகு அவர் நேராகக் கேட்டார். "அந்தத் தம்பி மேலே காவல் நின்றவர் என்றால் துவக்கு இருந்திருக்கும். என் பிள்ளையோடு வந்தவர்களை ஏன் சுடவில்லை?" அப்பா என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ என்றேன். சொன்னார். உங்கள் பக்கத்தில் ஐந்து பேர் போனதையும் சொன்னார்.

கடைசியாக அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ஐந்து பேருடைய தாய்மாருக்கு இது தெரியுமா?"

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். ஆனால் நீங்கள் அந்தக் கேள்வி காதில் விழாமலே பஸ் ஏறிவிட்டீர்கள்.

இன்னொன்று. மேற்குப் பக்கப் பாதையை உச்சிவரை துப்பரவாக்கி வெள்ளிக்கிழமை கையளித்துவிட்டோம். கடைசிப் பன்னிரண்டு மீற்றரும் என் கையால்தான். ஒரு ஆள் நடக்கிற அகலம். உச்சி தட்டையாக, ஒரு வீட்டு முற்றமளவு இருக்கிறது. அந்த முற்றமளவு இடத்துக்காகத்தானா இத்தனை உயிர் என்று நின்று பார்த்தேன்.

உங்கள்
சுகந்தினி


மாதா காப்பாராக

வட்டக்கச்சி
29.08.2024

அன்பின் சுகந்திக்கு,

கடிதம் நேற்றுக் கிடைச்சது. அதுக்கு முந்தியே தங்கம்மா அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தனான். வெறுங்கையோடை வந்ததைக் கண்ட உடனையே அவாவுக்கு ஏதோ விளங்கிப்போச்சு. "என்ன றொனால்ட், இந்த மாசம் வாற ஆள் இல்லையே" எண்டா. கதிரையை எடுத்துப் போட்டா. நான் இருக்கேல்லை. நிண்டுகொண்டே முழுக்கச் சொன்னன். காய்ச்சலிலை இருந்து, சஜீவன் விழுந்தது வரைக்கும். மயங்கினனான் எண்டு சொன்னது பொய் எண்டும் சொன்னன்.

கேட்டு முடிய அவா எழும்பிக் குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டா. நான் முற்றத்திலை இருந்தன். விளக்கு வைக்கிற நேரமாச்சு, கதவு திறக்கேல்லை. பக்கத்து வீட்டு வினோஜா வந்து, "அண்ணை, போயிட்டு நாளைக்கு வாங்கோ" எண்டாள். போகேல்லை. அவளின்ரை வீட்டு விறாந்தையிலைதான் படுத்தன். விடிய வந்து முற்றத்தைக் கூட்டினன். அடைப்பு வேலியிலை இத்துப்போன கதியால் தடியை மாத்தினன். மூண்டு நாள் இப்பிடித்தான். அவா வெளியாலை வருவா, கோழிக்குப் போடுவா, என்னைப் பாக்காமல் உள்ளை போவா. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை உன்ரை கடிதத்தோடை தபால்காரர் வந்தார். முற்றத்திலை நிண்டு வாசிச்சன். அவா வாசல்படியிலை வந்து நிண்டு, "என்ன எழுதியிருக்கு?" எண்டு கேட்டா. மூண்டு நாளைக்குப் பிறகு முதல் சொல். வாசிச்சுக் காட்டினன். மாமரக் கதையையும். அஞ்சு பேரின்ரை தாய்மாருக்குத் தெரியுமோ எண்டு அந்தத் தகப்பன் கேட்டதையும்.

கேட்டுப்போட்டு அவா சொன்னா, நான் அவாவின்ரை சொல்லையே எழுதுறன்:

"நீ சுட்டிருந்தால் என்ரை பிள்ளை இருந்திருப்பான். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன், நீயும் மறக்கப்படாது. ஆனால் அந்த மனுசன் தன்ரை பிள்ளை விழுந்த இடத்திலை கை வைச்சிட்டார். எனக்கு என்ரை பிள்ளை நிண்ட இடம் எது எண்டு ஒருத்தரும் காட்டேல்லை. உனக்குத் தெரியும். இவ்வளவு வருசமா நண்டைக் கொண்டுவந்து தந்தாய், இதைத் தரேல்லை."

"காட்டுறன் அம்மா" எண்டன்.

"மேலை வெடி இருக்கும் எண்டு சொல்லுவினம்."

"பாதை துப்பரவாக்கியாச்சு அம்மா. சுகந்திதான் செய்தவள்."

"உன்ரை மனுசியோ?" எண்டு கேட்டா. "அவள் முழங்கால் ஊண்டின இடத்திலை நான் கால் வைப்பன்" எண்டா.

அதுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு போட்டவா. பக்கத்திலை இருக்கேல்லை. ஆனால் போட்டவா.

ஞாயிற்றுக்கிழமை காலமை அவாவைக் கூட்டிக்கொண்டு வாறன். விமலேஸ்வரி அக்காவிட்டை ஒரு சொல் கேட்டு வை. மற்ற நாலு பேரின்ரை தாய்மாரின்ரை ஊரும் எனக்குத் தெரியும். ரண்டு பேர் இப்ப இல்லை. மற்ற ரண்டு பேரிட்டையும் ஒவ்வொருத்தராகப் போவன். விசாரிக்க ஆரும் வந்தால் வரட்டும். ஒரு ஆளுக்குச் சொல்லிப்போட்டன், இனி ஆருக்கும் சொல்லலாம்.

தங்கம்மா அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பத்து அடிக்கு ஒருக்கா இருந்து இருந்துதான் ஏறுவா. பொழுதுபட்டாலும் நான் அவாவுக்குப் பின்னாலை நிப்பன். நீ முன்னுக்குப் போ.

இறங்கின பிறகு நான் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போகமாட்டன். கம்சாவிட்டைச் சொல்லு.

றொனால்ட்